இறாலுக்கு ஒரு காதர்பேட்டை இல்லையே!

2025 ஆகஸ்ட் 27 விநாயகர் சதுர்த்தி. அன்று இந்திய நேரம் காலை 9.31-க்கு, வாஷிங்டனில் நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடம் ஆனபோது, இந்தியச் சரக்கு மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதமாக ஏறியது. ஏற்கெனவே போட்டிருந்தது 25. ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனையாக இன்னொரு 25. அதற்கு முன்பே கப்பலேறிய சரக்கு செப்டம்பர் 17-க்குள் அங்கே சுங்கம் தாண்டிவிட்டால் தப்பிக்கலாம் என்று ஒரு சின்னச் சலுகையும் இருந்தது. திருப்பூரில் அவிநாசி ரோட்டிலிருந்து பல்லடம் ரோடு வரை அந்த நாட்களில் இதுதான் பேச்சு. எந்த கன்டெய்னர் எங்கே நிற்கிறது, எந்த பையர் ஆர்டரை ‘ஹோல்டு’ செய்யச் சொல்லியிருக்கிறார், யார் எத்தனை சதவீதம் தள்ளுபடி கேட்கிறார்.

அதே காலை, அதே வரி, சுமார் 300 கிலோமீட்டர் கிழக்கே வேதாரண்யத்திலும் சீர்காழியிலும் மரக்காணத்திலும் இறங்கியது. அங்கே தைப்பதற்கு ஒன்றுமில்லை. குளத்தில் இறால் நீந்திக்கொண்டிருந்தது. நின்றுபோன ஆர்டரின் டி-ஷர்ட்டை அட்டைப்பெட்டியில் போட்டு குடோனில் அடுக்கிவிடலாம்; வட்டி ஏறும், மனசு நோகும், ஆனால் துணி துணியாகவே இருக்கும். குளத்து இறாலை ‘ஹோல்டு’ செய்ய முடியாது. அது ஒரு நாளைக்கு நான்கு வேளை தீவனம் கேட்கும், ராத்திரி முழுக்க கரண்டு கேட்கும், நோய் வந்தால் இரண்டே நாளில் செத்து மிதக்கும்.

பனியன் ஊரில் இறால் கதை எதற்கு என்று கேட்கலாம். இரண்டுக்கும் பெரிய வாடிக்கையாளர் ஒருவரே. 2025 ஏப்ரலில் அமெரிக்கா முதல் முறை வரியை அறிவித்தபோது ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு இறாலுக்காக மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். ஆகஸ்டில் தமிழக முதல்வர் மு.க.ஸ்டாலின், திருப்பூரை முன்வைத்து பிரதமருக்கு எழுதினார். ஒருவருக்குக் குளம், இன்னொருவருக்குத் தறி, மனு ஒன்றேதான். ஆனால் இரண்டு தொழிலும் இந்த அடியை வாங்கிய விதத்தில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தட்டில் பாதி ஒரே வாடிக்கையாளருக்கு

2024-25 நிதியாண்டில் இந்தியா 16,98,170 டன் கடலுணவை ஏற்றுமதி செய்து 62,408 கோடி ரூபாய் சம்பாதித்தது. வந்த பணத்தில் கிட்டத்தட்ட 70 சதவீதம் உறைய வைத்த இறால் மட்டும். மத்தி, கணவாய், நண்டு, சூரை எல்லாம் சேர்ந்து மீதி. அந்த ஆண்டு வெளியே போன 7.41 லட்சம் டன் இறாலில் 3.11 லட்சம் டன்னுக்கு மேல் அமெரிக்கா போனது. அடுத்த இடத்தில் இருக்கும் சீனா வாங்கியது 1.36 லட்சம் டன்தான்.

அமெரிக்கர்களுக்கு மீன் அவ்வளவு பிடிக்காது, இறால் பிடிக்கும். ஆளுக்கு வருஷத்துக்கு இரண்டரைக் கிலோ வாக்கில் சாப்பிடுகிறார்கள். அதில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. இறக்குமதியாகும் 10 இறாலில் 4 இந்திய இறால். சுத்தம் செய்து, ஓடு உரித்து, குடல் நரம்பு எடுத்து, வாலை மட்டும் அழகுக்கு விட்டு, பையில் போட்டுக் கொடுப்பதில் நம் ஆட்களை அடிக்க ஆளில்லை. இந்தக் கைவேலையும் திருப்பூரின் செக்கிங், ட்ரிம்மிங் மாதிரிதான்: பெண்கள், வரிசை, கத்தி, அளவு, அவசரம்.

இந்த இறாலில் ஏறக்குறைய எல்லாமே வளர்ப்பு இறால். இழுவலையில் கடலாமை சிக்குவதைக் காரணம் காட்டி, நம் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா சில ஆண்டுகளாக வாங்குவதில்லை. ஆகவே அங்கே போவது குளத்தில் வளர்ந்த வன்னாமிதான்.

வன்னாமி நம் ஊர் இனமில்லை. மெக்சிகோ முதல் பெரு வரை பசிபிக் கரையில் வாழ்வது. 2009-ல் தான் இந்தியாவில் இதை வளர்க்க அனுமதி கிடைத்தது. அதற்கு முன் இருபது வருஷம் நம் பண்ணைகளில் இருந்தது கறுப்புக் கோடு போட்ட டைகர் இறால். 1990-களின் நடுவில் வந்த வெள்ளைப்புள்ளி நோய் அதை வாரிக்கொண்டு போனது. வன்னாமியின் சிறப்பு, நோயில்லாத தாய் இறால் கிடைப்பது. ஹவாய், ஃப்ளோரிடா பக்கமிருந்து தாய் இறால்கள் விமானத்தில் வரும். சென்னை நீலாங்கரையில் உள்ள நோய்த்தடுப்பு மையத்தில் வைத்துச் சோதித்த பிறகே குஞ்சுப் பொரிப்பகங்களுக்குப் போகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் போனால், சுற்றுச்சுவரும் பெரிய தொட்டிகளுமாக நிற்கும் கட்டடங்கள் பல இந்தப் பொரிப்பகங்கள்தான்.

விடியற்காலை மூன்று மணி

இறால் பண்ணையைப் பகலில் பார்த்தால் ஒன்றும் புரியாது. பச்சைத் தண்ணீர், நான்கு பக்கமும் கரை, நடுவில் துடுப்புச் சக்கரம் தண்ணீரை வாரி இறைக்கும். அவ்வளவுதான். விஷயம் இருட்டில் இருக்கிறது. பகலில் தண்ணீரிலுள்ள பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜன் விடும். இருட்டிவிட்டால் அந்தப் பாசியும் இறாலோடு போட்டியிட்டு மூச்சு விடத் தொடங்கும். விடிவதற்கு முந்தின ஒன்றிரண்டு மணி நேரம்தான் ஆக்சிஜன் ஆகக் கீழே இறங்கும். அந்த நேரத்தில் கரண்டு போய், ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் பண்ணினால், நான்கு மாத உழைப்பு அரை மணியில் முடிந்தது. அதனால் காவலுக்கு இருப்பவர் தூங்கினாலும் காது தூங்கக் கூடாது. சக்கரத்தின் சத்தம் நின்றால் எழுந்துவிட வேண்டும்.

குளத்தின் ஓரத்தில் கயிறு கட்டி ஒரு வலைத்தட்டு இறக்கியிருப்பார்கள். ‘செக் ட்ரே’. தீவனம் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் தட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள். தீவனம் மிச்சமிருந்தால் இறாலுக்கு ஏதோ சரியில்லை. அடுத்த வேளையைக் குறைக்க வேண்டும். சுத்தமாகக் காலியாக இருந்தால் கூட்டலாம். தட்டில் வந்து நிற்கும் இறாலின் குடல் கோடு முழுசாக இருக்கிறதா, விட்டு விட்டு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி இறால் ஓடு கழற்றும். அந்த இரண்டு மூன்று நாளும் அது சோர்ந்திருக்கும், தீவனம் குறையும். காலண்டர் இல்லாத பண்ணைக் கொட்டகை இருக்காது. செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது என்பதால், தட்டில் மிஞ்சுவது உருண்டையில்லை, ரூபாய்.

100 முதல் 120 நாளில் பிடிப்பு. கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறதோ அதுதான் கவுன்ட். 30 கவுன்ட் பெரிசு, 100 கவுன்ட் பொடிசு. (நூலில் கவுன்ட் ஏறினால் விலை ஏறும், இங்கே இறங்கினால்தான் ஏறும்.) 100 கவுன்ட்டில் பிடிப்பதா, இன்னும் ஒரு மாதம் வளர்த்து 50-க்குக் கொண்டுபோவதா என்பதுதான் பண்ணைக்காரர் ஆடும் சூதாட்டம். விலை இறங்கும் என்ற பேச்சு வந்தால் கரை முழுக்க ஒரே நேரத்தில் வலை போடுவார்கள். பொடி இறால் குவியும். குவிந்ததால் விலை இன்னும் விழும். 2025 ஏப்ரல் வரி அறிவிப்பு வந்தவுடன், வரி அமலுக்கு வருவதற்கு முன்பே ஆந்திரக் குளங்களில் நடந்தது இதுதான். வரியைக் கட்டுபவர் அமெரிக்க இறக்குமதியாளர் என்பார்கள் பொருளாதாரம் படித்தவர்கள். முதல் தவணையைக் கட்டியவர் பீமவரத்துப் பண்ணைக்காரர்.

இன்றைய ராஜா ஈக்வடார்

உலகில் வளர்க்கப்படும் வன்னாமி ஆண்டுக்கு 60 லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. பதினைந்து வருஷத்துக்கு முன் இந்த வியாபாரத்தில் ராஜா தாய்லாந்து. 2012-13 வாக்கில் அங்கே ஒரு பாக்டீரியா நோய் வந்து, குஞ்சு விட்ட முதல் மாதத்திலேயே இறால் செத்தது. ஆறு லட்சம் டன்னுக்கு அருகில் இருந்த உற்பத்தி ஓரிரு வருஷத்தில் பாதிக்கும் கீழே விழுந்தது. அமெரிக்கக் கடைகள் வேறு இடம் தேடின. அப்போதுதான் வன்னாமியில் கால் ஊன்றியிருந்த இந்தியா கையை நீட்டியது. நம் வளர்ச்சியில் திறமைக்குப் பங்கு உண்டு. தாய்லாந்தின் துரதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. திருப்பூருக்கு இது புதிதில்லை. 2013-ல் டாக்காவில் ரானா பிளாசா இடிந்தபோதும், 2024-ல் வங்கதேச அரசு கவிழ்ந்தபோதும் இங்கே மெயிலில் விசாரணைகள் கூடின. அடுத்த வீட்டு அடுப்பு அணைந்தால் நம் வீட்டில் கூட்டம்.

ஆனால் இறாலில் இன்றைய ராஜா நாமில்லை. ஈக்வடார். தமிழ்நாட்டின் நான்கில் ஒரு பங்கு மக்கள்தொகைகூட இல்லாத தேசம், 2022-ல் பத்து லட்சம் டன் இறால் ஏற்றுமதியைத் தாண்டியது. அவர்களையும் 1999-ல் வெள்ளைப்புள்ளி நோய் சூறையாடியது. அவர்கள் வேறு வழி பிடித்தார்கள். நோயிலிருந்து தப்பிப் பிழைத்த இறாலையே தாயாக்கி, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, தாக்குப்பிடிக்கும் இனமாக்கினார்கள். பெரிய குளம், குறைந்த நெருக்கம். தண்ணீருக்குள் ஒலிவாங்கி வைத்து, இறால் தீவனத்தைக் கொறிக்கும் சத்தத்தைக் கேட்டுத் தீவனம் போடும் கருவி வந்துவிட்டது. நம் செக் ட்ரே செய்யும் வேலையை அங்கே காது செய்கிறது. பண்ணை, தீவனம், பொரிப்பகம், ஆலை எல்லாம் பல இடங்களில் ஒரே முதலாளி கையில். நம் நாட்டிலோ பெரும்பாலோர் ஐந்து ஏக்கருக்குள் வைத்திருப்பவர்கள், தீவனக் கடையில் கடன் வாங்கி, அந்தக் கடைக்காரர் சொல்லும் வியாபாரிக்கே இறாலைக் கொடுப்பவர்கள்.

2025 ஆகஸ்ட் கணக்கில் ஈக்வடாருக்கு அமெரிக்கா போட்ட கூடுதல் வரி 15 சதவீதம். வியட்நாமுக்கு 20, இந்தோனேசியாவுக்கு 19. நமக்கு 50, அதோடு பழைய பொருள்குவிப்பு வரியும், மானியத்துக்கு எதிரான 5.77 சதவீதமும் சேர்த்து 58-ஐத் தொட்டது. காட்டன் டி-ஷர்ட்டுக்கு வழக்கமான 16.5-க்கு மேல் 50. இந்த விகிதம் பிறகு எப்படி ஏறினாலும் இறங்கினாலும், ஒரு கையெழுத்தில் தொழில் ஆடுகிறது என்பதை எல்லோரும் பார்த்தாகிவிட்டது.

பொருள்குவிப்பு வரிக்கு ஒரு பழைய கதை உண்டு. 2005 ஜனவரி 1-ல் உலக ஜவுளி கோட்டா முறை முடிந்தது, திருப்பூர் கொண்டாடியது. சுனாமி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நாகைக் கரையில் பண்ணைகள் சேறாகக் கிடந்தன. அடுத்த மாதமே அமெரிக்கா, இந்தியா உள்ளிட்ட ஆறு நாட்டு இறால் மீது பொருள்குவிப்பு வரியை ஆணையாக்கியது. லூசியானா, டெக்ஸாஸ் மீனவர்களின் மனுவில் பிறந்த வரி அது. இருபது வருஷம் ஆகியும் போகவில்லை.

உப்பு

இந்த இரண்டு தொழிலும் விவசாயியின் கிணற்றில் உப்பைப் போட்டவை. இதைச் சொல்லாமல் நம் வருத்தத்தை மட்டும் பாடினால் நியாயமில்லை.

சாயம் துணியில் பிடிக்க உப்பு வேண்டும். அந்த உப்புநீர் நொய்யலில் ஓடி, 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணையைத் திறக்காதே என்று விவசாயிகளே கோர்ட்டுக்குப் போன விசித்திரம் உலகில் வேறெங்கும் நடந்திருக்குமா தெரியாது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்குத் திருப்பூர் மாறியது அந்த அடிக்குப் பிறகுதான்.

கிழக்கே இது இன்னும் முன்பே நடந்தது. 1990-களின் தொடக்கத்தில் நாகை மாவட்டக் கடலோரம் நெல் வயல்கள் இறால் குளமாயின. கடல் தண்ணீர் உள்ளே வந்தது. பக்கத்து வயலும் குடிதண்ணீர்க் கிணறும் கரித்தன. நடவுக்கும் அறுப்புக்கும் போன கூலிப் பெண்களுக்கு வேலை போனது; குளத்துக்குக் காவலாள் இருவர் போதும். சர்வோதயத் தலைவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் அவர் துணைவி கிருஷ்ணம்மாளும் சத்தியாகிரகம் தொடங்கினார்கள். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை இடிக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. பாரம்பரிய முறைப் பண்ணைகளுக்கு மட்டும் விலக்கு.

தீர்ப்பு வந்தது, பெரும்பாலான குளங்கள் போகவில்லை. சீராய்வு மனு, தடை, பிறகு 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம். பண்ணைகள் பதிவு செய்துகொண்டு தொடர சட்டமே வழி செய்தது. 2008-ல் அந்தத் தம்பதிக்கு மாற்று நோபல் என்று அழைக்கப்படும் ‘வாழ்வுரிமை விருது’ கிடைத்தது. திருப்பூருக்கு நீதிமன்றம் பூட்டுப் போட்டது, தொழில் மாறியது. இறாலுக்கு நீதிமன்றம் இடிக்கச் சொன்னது, சட்டம் மாறியது. எது நல்லது என்று இரண்டு ஊர் விவசாயியிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

உழைப்பாளி விஷயத்திலும் இதே கதை. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பஞ்சாலை விடுதிகளில் இளம்பெண்களை அடைத்து வேலை வாங்கியது வெளிநாட்டு அறிக்கைகளில் வந்தபோது இங்கே பையர்கள் பயந்தார்கள். 2024 மார்ச்சில் ஆந்திர இறால் ஆலைகளின் தங்குமிடம், கூலி, வேலை நேரம் பற்றி அமெரிக்காவில் அதே மாதிரி அறிக்கைகள் வந்தன. நம் ஆலைகளில் நடப்பதை நாம் வெளியூர்க்காரர் எழுதித்தான் தெரிந்துகொள்கிறோம்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடைத்தெரு

இப்போது வித்தியாசத்துக்கு வருவோம்.

திருப்பூர் ஏற்றுமதியில் பிறந்த ஊர் இல்லை. 1920-களிலிருந்தே இங்கே பனியன் ஓடியது, உள்நாட்டுக்காக. வெள்ளை பனியன், ஜட்டி, கல்கத்தாவோடு போட்டி. இத்தாலிக்காரர் சரக்குத் தேடி ஊருக்குள் வந்தது 1970-களின் கடைசியில். ஆக, டாலர் வருவதற்கு முன் அரை நூற்றாண்டு இந்த ஊர் நம் ஊர் முதுகுக்கே தைத்தது. அதனால்தான் காதர்பேட்டை இருக்கிறது. ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம். ரத்தான ஆர்டர், கலர் மாறிய லாட், சைஸ் தவறிய பீஸ், எல்லாம் அங்கே வந்து சேரும். கேரளத்து வியாபாரி, கர்நாடகத்து வியாபாரி, நைஜீரியாவிலிருந்து வருபவர்கூட மூட்டை கட்டுவார். நல்ல விலை கிடைக்காது. ஆனால் ஒரு விலை கிடைக்கும். ஊரின் ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு என்பதால் அடி பலமாகவே விழுந்தது. பல கம்பெனிகள் ஷிப்ட்டைக் குறைத்தன. இருந்தாலும் அந்த வருஷ தீபாவளிக்கு உள்நாட்டுச் சரக்கு தைத்த மெஷின்களும் இதே ஊரில்தான் ஓடின.

இறாலுக்கு அப்படியொரு தெரு இல்லை. டைகரோ வன்னாமியோ, வளர்ப்பு இறால் முதல் நாளிலிருந்தே வெளிநாட்டுக்காரன் தட்டை மனதில் வைத்து வளர்ந்தது. ஏற்றுமதியை ஊக்குவிக்க ஆணையம் உண்டு, ஆராய்ச்சிக்கு சென்னையில் மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் உண்டு. உள்ளூரில் விற்க ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை திருப்பூர் தென்னம்பாளையம் மீன் மார்க்கெட்டுக்குப் போனால் மத்தி, அயிலை, பாறை, வஞ்சிரம் மலை மாதிரி கிடக்கும். இறால் ஒரு ஓரத்தில் தெர்மக்கோல் பெட்டியில். விலை கேட்டுவிட்டு, “உரிச்சா பாதிகூட நிக்காதுங்களே” என்று நகர்கிறவர்கள்தான் அதிகம். கிலோ கணக்கில் நின்று வாங்குபவர்களில் ஒடிசா, வங்காளத்திலிருந்து வந்து தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. இறாலை எப்படிச் சமைப்பது என்று கொங்கு நாட்டுக்கு அவர்கள் பாடம் எடுக்கலாம்.

பண்ணை வாசலில் 100 கவுன்ட் விழுந்த நாட்களில் கிலோ விலை, திருப்பூரில் ஆட்டுக்கறி விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. தலையும் ஓடும் போனாலும் கிலோவுக்கு அரைக்கிலோ தசை தேறும். கணக்குப் போட்டால் கட்டுப்படியாகும். ஆனால் நாகைக்கும் தென்னம்பாளையத்துக்கும் நடுவில் ஐஸ், கூலி, கமிஷன் என்று கை மாறி, சட்டிக்கு வரும்போது அது ஆட்டுக்கறியோடு தோளுரசி நிற்கிறது.

முட்டைக்குப் பேர்போன நாமக்கல் பக்கத்தில்தான் இருக்கிறது. 1982-ல் கோழிப் பண்ணையாளர்கள் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவைத் தொடங்கி, தினமும் தாங்களே விலை அறிவித்து, தாங்களே காசு போட்டு “முட்டை சாப்பிடுங்கள்” என்று விளம்பரம் செய்தார்கள். சத்துணவுத் தட்டு பெரிய வாடிக்கையாளரானது. இறாலைச் சத்துணவில் போடச் சொல்ல மாட்டேன். சில குழந்தைகளுக்கு ஒவ்வாது, விலையும் கட்டாது. ஆனால் விலையை விற்பவனே அறிவிப்பது, விளம்பரத்துக்குக் கிலோவுக்கு இத்தனை பைசா ஒதுக்குவது, இவை இறாலுக்கும் செய்யக்கூடியவை. ஆந்திராவில் இந்தப் பேச்சு வரிக்குப் பிறகு சூடு பிடித்திருக்கிறது. தமிழ்நாட்டில் பண்ணைகள் குறைவு, சாப்பிடும் வாய்கள் அதிகம். இங்கே அது இன்னும் சுலபம்.

வேறு நாடு தேடுவதும் நடக்கிறது. 2025 ஜூலை 24-ல் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தம், இறாலுக்கும் பனியனுக்கும் ஒருசேர வரி நீக்க வழி செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பரில் மேலும் 102 இந்தியக் கடலுணவு ஆலைகளை ஏற்றுக்கொண்டது. நல்லதுதான். ஆனால் ஐரோப்பா ஆன்டிபயாடிக் எச்சத்தில் கறாரானது. 2016 முதல் நம் வளர்ப்பு இறாலில் இரண்டு லோடுக்கு ஒன்று வீதம் அங்கே சோதிக்கிறார்கள். அதனால் ஐரோப்பாவுக்குப் போகும் குளத்து இறாலை வலை போடும் முன்பே மாதிரி எடுத்துச் சோதித்து, சான்றிதழ் வாங்க வேண்டும்.

உள்ளூர்ச் சந்தை என்று வரும்போது எனக்கு இருக்கும் ஒரே பயம் இதுதான். காதர்பேட்டையில் தையல் விட்ட டி-ஷர்ட் வாங்கினால் நஷ்டம் நூறு ரூபாய். ஐரோப்பாவில் நிராகரிக்கப்பட்ட இறால் இங்கே சட்டிக்கு வந்தால் கணக்கு வேறு. சோதனைக் கருவியும் ஆளும் கரையோரத்தில் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஆன்ட்வெர்ப்புக்குப் போகும் பெட்டிக்குத் தரும் அந்தத் தாளின் ஒரு நகலைத் தென்னம்பாளையத்துக்கு வரும் பெட்டியிலும் ஒட்டச் சொல்லி உத்தரவு போட, உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படும் என்று தோன்றவில்லை.